இருவாச்சி மரத்தடி

சிஸ்டர் அனிசியா முன்னால் நடந்தார். பின்னால் ஜெயசீலி. அவளுக்கும் பின்னால், அட்டைக்குப் பயந்து பேன்ட்டைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு, திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிஸ்டர் மலையிலேயே தங்கிவிட்டார். மழைக்காட்டைத் துண்டு துண்டாக வாங்கி, வெட்டாமல் சும்மா விட்டுவைப்பதுதான் அவர் நடத்தும் அறக்கட்டளையின் வேலை. அதற்குப் பணம் கேட்டு ஊர் ஊராக ஏறி இறங்குவது, அவரிடம் படித்த ஜெயசீலியின் வேலை.

இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சரிவு விலைக்கு வந்திருந்தது. முழுக்க அத்தி மரம்; இருவாச்சிப் பறவைக்கு அந்தப் பழம்தான் முக்கியச் சாப்பாடு. ஈஸ்டருக்குள் பணம் கட்டாவிட்டால் ரிசார்ட்காரர்கள் வாங்கி மொட்டையடித்துவிடுவார்கள். கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். சென்னியப்பன் ஒருவர்தான், "முழுசா நானே தர்றனுங்க" என்றார். "ஆனா என் காசு எதுக்குப் போகுதுன்னு கண்ணால பார்க்கோணும். அந்த இருவாச்சிக் குஞ்சை ஒரு போட்டோ புடிக்கோணும். ஆபீஸ்ல மாட்டறக்கு."

"குஞ்சைக் காட்ட முடியுமா சிஸ்டர்?" என்று ஜெயசீலி போனில் கேட்டாள்.

"கூட்டிட்டு வா" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் இதே பாதையில் ஜோடி ஜோடியாகக் கைகோத்து வந்தது அவளுக்கு நினைவு வந்தது. நனைந்த சருகு வாசனை மாறவேயில்லை. அன்றைக்கும் தவக்காலம்தான்; ஈஸ்டர் வரைக்கும் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும். வகுப்பில் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி உண்டியல். ஜெயசீலி தேன்மிட்டாயை விட்டுவிட்டு அந்தக் காசைப் பெட்டியில் போட்டாள். மிட்டாய்க் கடை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு தோழியின் தோளைப் பிடித்தபடி நடப்பாள். "இந்தக் காசெல்லாம் எங்கே போகுது சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டாள். "அப்புறம் சொல்றேன்" என்றவர், அப்புறம் சொல்லவேயில்லை.

மரம் வந்துவிட்டது. மேலே பொந்து. தாய்ப்பறவை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலை மண்ணும் எச்சமுமாகப் பூசி அடைத்திருந்தது. ஒரு மூக்கு நுழையும் அளவுக்குத்தான் பிளவு. உள்ளேயிருந்து குஞ்சு கத்தியது.

"எங்கீங்க குஞ்சு?"

"உள்ள இருக்குங்க" என்றாள் ஜெயசீலி. "அப்பன் பறவைதான் வெளியே இருந்து பழம் கொண்டுவந்து, அந்தப் பிளவு வழியாக் கொடுக்கும்."

"அப்ப அது வரட்டும். வாசல்ல குஞ்சு மூஞ்சி தெரியுமில்லீங்க?"

காத்திருந்தார்கள். அப்பன் பறவை வந்தது. ஆனால் கூட்டுக்கு வரவில்லை. எட்டத்து மரமொன்றில், தொண்டை புடைக்கப் பழத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. இவர்களைப் பார்த்தது. நகரவில்லை.

"பந்தியில எடம் கெடைக்காத மாப்பிள்ளை மாதிரி மொறைக்குதுங்களே!"

குஞ்சு விடாமல் கத்தியது. பொழுது போய்க்கொண்டே இருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், அந்தப் பூச்சைக் கொஞ்சமாப் பேத்துவிட்டா என்ன? ஒரே ஒரு போட்டோ. அப்பறம் பூசிக்கிட்டுப் போகுது."

ஜெயசீலி சிஸ்டரைப் பார்த்தாள்.

"என்ன செய்யலாம் சிஸ்டர்?"

"நீ சொல்லு."

கான்வென்ட் அடுப்படியில் விட்டுவந்த ஜெயசீலியின் கைக்குழந்தை எழுந்திருக்கும் நேரம். மார்பு கனத்து ரவிக்கை ஈரமாகிவிட்டது. புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். சரிவு போய்விட்டால் அத்தி போகும். அத்தி போனால் அடுத்த வருஷம் இந்தப் பொந்துக்கு யார் என்ன கொண்டுவருவார்கள்? ஒரே ஒரு போட்டோதானே? குஞ்சு மறுபடி கத்தியது. குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

"போயிடலாங்க" என்றாள்.

"போட்டோ?"

"வேண்டாங்க. நாம நிக்கிற வரைக்கும் அது சாப்பாடு கொடுக்காது."

"அப்பறம் நான் எதை நம்பிக் காசு குடுக்கறது?"

ஜெயசீலி திரும்பி நடந்தாள். சிஸ்டரும் நடந்தார். தனியாக நிற்கப் பயந்தோ என்னவோ, சென்னியப்பனும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பாதை வளைந்து மரம் மறைந்த இடத்தில், தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. கரி ரயில் மூச்சு விடுவது போலச் சிறகு காற்றை அறுத்துக்கொண்டு போனது. இலைகளுக்கு நடுவே எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் குஞ்சின் கத்தல் நின்றது.

சென்னியப்பன் அண்ணாந்தபடி நின்றார். அவராக நகரட்டும் என்று இவர்களும் நின்றார்கள்.

"இந்த எடத்தை மொதல்ல வாங்கிக் குடுத்தது யாருங்க?" என்று கடைசியில் கேட்டார். "ஒரு பேர்ப்பலகைகூடக் காணமே."

"இவதான்" என்றார் சிஸ்டர்.

ஜெயசீலி திகைத்துப் போனாள். "நானா?"

"நீயும் உன் கிளாஸும். உனக்கு முன்னாடி படிச்சவங்க, பின்னாடி படிச்சவங்க. தேன்மிட்டாய் தின்னாம கண்ணை மூடிட்டுப் போவியே, மறந்துட்டியா?"

ஜெயசீலி காலடியைப் பார்த்தாள். சருகு. ஈர மண். ஒரு செருப்புத் தடம், அவளுடையது.

சென்னியப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உங்க ஈஸ்டர் என்னிக்குங்க வருது?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அவர் போகும்வரை ஜெயசீலி பொறுத்திருந்தாள்.

"அப்பவே கேட்டேனே சிஸ்டர். ஏன் சொல்லல?"

சிஸ்டர் குனிந்து, அவள் புடவை ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்த அட்டையை எடுத்துச் சருகில் விட்டார்.

"சொல்லியிருந்தா, நீயும் அவரை மாதிரி பொந்தைக் காட்டுங்கன்னு நின்னிருப்பே. வா, பிள்ளை அழுவான்."