குருவம்மாள் கடை எண்ணெய் காய்ந்த கதை

மொட்டைப்பனையூர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அந்த ஊரைப் பிடித்த சனியே அதுதான். அந்த ஊர் வேலப்பனுக்கு, பக்கத்துக் கூட்டுரோட்டில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் குருவம்மாளைக் கட்டிக்கொள்ள ஆசை. ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டான்.

"ஒரு மணி நேரம் கடையப் பாத்துக்க, அப்புறம் சொல்றேன்" என்று அவள் மாவு மில்லுக்குக் கிளம்பினாள். "ஒரு சொட்டு மாவு விட்டுப் பாரு. மிதந்து வந்தா எண்ணெய் காஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் வாழைக்காய முக்கிப் போடு."

வேலப்பனுக்குத் துணையாக அவன் ஊர்க்காரர்கள் சங்கிலியும் மூக்கனும் வந்திருந்தார்கள். வேலப்பன் ஒரு சொட்டு விட்டான். மிதந்தது. வாழைக்காயை எடுக்கப் போன கையை மூக்கன் பிடித்துக்கொண்டான்.

"அந்தச் சொட்டு விட்டப்ப காஞ்சிருந்துச்சு, சரி. இப்ப காஞ்சிருக்கா?"

நியாயமான கேள்வி. கல்யாண விஷயம் வேறு. இன்னொரு சொட்டு விட்டார்கள். அதுவும் மிதந்தது. ஆனால் அது அப்போதைக்குத்தானே என்றான் சங்கிலி. மூவரும் கவலையோடு அடுத்த சொட்டை விட்டார்கள்.

நாலு மணி பஸ் வந்தது. பஜ்ஜி கேட்ட கூட்டத்தைச் சமாளிக்க, பொரிந்த சொட்டுகளை வேலப்பன் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். சாப்பிட்டவர்கள் இன்னொரு பொட்டலம் கேட்டார்கள். மாவுக் குண்டா காலியானது.

குருவம்மாள் திரும்பி வந்தபோது வேலப்பன் காலிக் குண்டாவை நீட்டினான்.

"பஜ்ஜி இனிமேத்தான். ஆனா எண்ணெய் காஞ்சிருக்கு. மாவு தீருற வரைக்கும் பாத்துட்டோம்."

அவள் குண்டாவைப் பார்த்தாள், விரல் சப்பும் கூட்டத்தைப் பார்த்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நான் சொன்னத இம்புட்டுக் கேட்ட ஆம்பள நீதான்யா. எனக்குச் சம்மதம்" என்று புதுசாய் மாவு கரைத்துச் சுடச்சுட ஒரு பஜ்ஜி நீட்டினாள்.

வேலப்பன் கடித்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் சங்கிலி பொத்தினான். பெண் கையால் பஜ்ஜி தின்றாயிற்று, ஆகவே இது பெண் பார்த்ததாகக் கணக்கு. மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே பதில் சொல்வது முறையா? வேலப்பன் பதிலைப் பஜ்ஜியோடு விழுங்கினான். "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றே போட்டும்விட்டான்.

அடுத்த மூன்று நாளும் தவறாமல் கடைக்கு வந்து நின்றான். அவள் என்ன கேட்டாலும் கடுதாசி வரட்டும் என்றான். என்ன பதில் வருமோ என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் தபால்காரர் வந்தார். கையெல்லாம் மாவாக இருந்ததால் குருவம்மாள் அவனையே படிக்கச் சொன்னாள். பிரித்துப் படித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"குருவம்மா, கவலைய விடு. மாப்பிள்ளைக்கு உன்னப் பிடிச்சிருக்காம்."