குளியலறைக்கு ஆள் தேடிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், கரட்டுக் குன்றுக்கு அடியே வேர்களும் பாறைகளும் பின்னிக் கிடந்த இடத்தில், முள்ளாயி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்குள் இரண்டு அறைகள். ஒன்று படுப்பதற்கு. இன்னொன்று குளிப்பதற்கு. பாறை இடுக்கில் கசியும் ஊற்று நீர் குளியலறைக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். வெளியே அலைந்துவிட்டு வந்தால், முள்ளில் ஒட்டிய சேற்றைக் கழுவாமல் அந்த வீட்டில் யாரும் படுப்பதில்லை.

அந்தக் குளியலறைதான், குழந்தைகளே, முள்ளாயிக்குத் தீராத கவலையாகிவிட்டது.

விழுந்த தண்ணீர் வெளியே போகாமல் தேங்கியது. தேங்கிய தண்ணீர் நடுச்சுவரை ஊறவைத்தது. சுவருக்கு மறுபக்கம்தான் முள்ளாயியின் ஒரே பிள்ளை குச்சி படுத்துத் தூங்கும். முதலில் சுவர் குளிர்ந்தது. பிறகு அறையே குளிர்ந்தது. குச்சிக்கு இருமல் வந்தது. வந்த இருமல் போகவே இல்லை. ஒவ்வொரு இருமலுக்கும் அதன் சின்னஞ்சிறு முட்கள் கலகலவென்று ஆடும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் முள்ளாயியின் தூக்கம் போய்விடும்.

"என்னங்க, மழை வந்துட்டா மண்ணைத் தொட ஆள் கிடைக்காது. அதுக்குள்ள குளியலறையை இடிச்சுக் கட்டியாகணும். இந்தச் சுவர் இன்னொரு மழை தாங்காது. பிள்ளையும் தாங்காது" என்றது முள்ளாயி.

அதன் கணவன் ஈட்டியப்பனுக்கு உலகத்தில் எல்லாமே சுலபம்.

"அதுக்கென்ன? நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சா ஆள் தானா வருது" என்றது.

வந்தார்கள். முதலில் வந்தது தூக்கணாங்குருவி. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குளியலறையை ஒரு கிளையில தொங்கவிட்டுட்டா ஈரம்ங்கிற பேச்சே இல்லை" என்றது.

"கிளைக்கு நாங்க எப்படி ஏறுறது?" என்று கேட்டது முள்ளாயி.

"அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டுக் குருவி பறந்துபோனது.

அடுத்து வந்தது தாவப்பன் என்ற குரங்கு. தனியாக வரவில்லை. பின்னால் அதன் கூட்டமே வந்தது. ஒவ்வொரு குரங்கின் கையிலும் ஒரு கல். பால் வெள்ளையில் ஒன்று, கிளிப் பச்சையில் ஒன்று, வெயில் பட்டால் மின்னும் காக்காய்ப்பொன்னில் ஒன்று.

"அக்கா, இதையெல்லாம் தரையிலயும் சுவத்துலயும் பதிச்சுட்டேன்னு வைங்க, குளிக்கப் போன அண்ணன் திரும்பி வரவே மாட்டார்" என்றது தாவப்பன்.

ஈட்டியப்பன் வாய்விட்டுச் சிரித்தது.

"கல் அழகாத்தான் இருக்கு, தம்பி. ஈரத்துக்கு என்ன செய்வே?" என்றது முள்ளாயி.

"ஈரத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க கல்லைப் பாருங்க. என் மேல நம்பிக்கை இல்லையா? இந்தக் காட்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க. என் பேரைத்தான் சொல்வாங்க."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு ஆள் வைப்பதற்கு முன் நாலு வீட்டுக்குப் போவார்கள். அந்த வீட்டுக் குளியலறையில் கால் கழுவுவார்கள். கழுவிக்கொண்டே, "இது யார் கைவேலை?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் எந்தப் பேரைச் சந்தோஷமாகச் சொல்கிறாரோ, அந்த ஆளைக் கூப்பிடுவார்கள். காலங்காலமாக அப்படித்தான்.

முள்ளாயியும் ஈட்டியப்பனும் முதலில் கீரியின் வீட்டுக்குப் போனார்கள். முள்ளாயி காலை நனைத்துக்கொண்டு, "அண்ணே, இது யார்…" என்று ஆரம்பித்தது.

"நம்ம தாவப்பன்!" என்றது கீரி. "தங்கமான பிள்ளை. ஒரு குரல் கொடுத்தா போதும், வேலையைப் போட்டுட்டு ஓடி வருவான்."

அடுத்தது முயலின் வீடு. "வேற யாரு, தாவப்பன்தான்! எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. என் குட்டிங்க எல்லாம் அவனை மாமான்னுதான் கூப்பிடுது" என்றது முயல்.

"கேட்டியா? கேட்டியா?" என்று ஈட்டியப்பன் முள்ளாயியை இடித்தது.

திரும்பும் வழியில் விழுந்து கிடந்த மரத்தடியில் புனுகுப்பூனையின் வீடு இருந்தது. வழக்கத்தை விட வேண்டாமே என்று முள்ளாயி அங்கேயும் நுழைந்து கால் கழுவியது.

"அக்கா, இது யார் கைவேலை?"

"எது?" என்றது புனுகுப்பூனை.

"இந்தக் குளியலறைதான்."

"ஓ, இதுவா! யாரோ வந்தா. எப்பவோ. பேரு… இரு, வாய்க்குள்ளேயே இருக்கு… ம்ஹூம், வரமாட்டேங்குது. ஏன், யாரா இருந்தா என்ன?"

வெளியே வந்ததும் ஈட்டியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டுல வேலை செஞ்சவங்க பேரையே தெரியலையாம்! அப்படி ஒரு வீடு, அப்படி ஒரு வேலை! சரி, நான் முன்னால போய்த் தாவப்பனுக்குச் சொல்லிடறேன். நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியது.

முள்ளாயி மெதுவாகத்தான் வந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்தது.

கீரி வீட்டில் கால் கழுவிய பிறகும் பாதத்தில் சேறு இருந்தது. ஏன்? முயல் வீட்டில் தண்ணீர் தேங்கிய மூலையைத் தாண்டி எட்டுவைத்துத்தான் நிற்க வேண்டியிருந்தது. புனுகுப்பூனை வீட்டில்? அங்கே தரை எப்படி இருந்தது? முள்ளாயி யோசித்து யோசித்துப் பார்த்தது. ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. காலில் ஈரம் ஒட்டியிருந்தால் நினைவிருக்கும். வழுக்கியிருந்தால் நினைவிருக்கும். நினைத்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

பேர் கேட்கிற அவசரத்தில் யார் வீட்டிலும் குனிந்து பார்க்கவில்லையே என்று அதற்குப் பட்டது. எழுந்து நேராகக் கீரியின் வீட்டுக்குத் திரும்பியது.

"அண்ணே, தாவப்பனைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"முந்தாநாள்தான்" என்றது கீரி.

"விருந்துக்கு வந்தாரா?"

"விருந்தாவது ஒண்ணாவது! ஓரத்துல ஒழுகிச்சு. கூப்பிட்டேன், வந்தான், இலையைத் திணிச்சு அடைச்சுட்டுப் போனான். தங்கம்னு சும்மாவா சொன்னேன்?"

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கல்லு ரெண்டு பேந்துச்சு. அப்பவும் உடனே வந்தான்."

"அதுக்கும் முன்னாடி?"

கீரி தன் குளியலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. "ஏம்மா, நல்லா இருந்த மனுஷனை இப்படிக் கலங்கடிக்கலாமா?" என்று முனகியது.

முள்ளாயி அங்கே நிற்கவில்லை. புனுகுப்பூனையின் வீட்டுக்கு ஓடியது.

"அக்கா, அந்த யாரோ வேலையை முடிச்சுட்டுப் போன பிறகு எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

புனுகுப்பூனைக்குக் கேள்வியே புரியவில்லை. "எதுக்குக் கூப்பிடணும்?" என்றது.

"அவங்க எப்படி இருப்பாங்க? எதையாவது யோசிச்சுச் சொல்லுங்க."

"நாக்கு ரெண்டாப் பிளந்திருக்கும். அதை நீட்டி நீட்டிச் சுவத்தைத் தொட்டுப் பார்த்தா, கருமம்! வாயைத் திறந்தா சண்டை. சுவத்துல ஒரு வாசனைக் கொடி படர விடும்மான்னேன், முடியாதுன்னுட்டா. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கலை."

பிளந்த நாக்கு என்றதும் முள்ளாயிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மேட்டுப் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பின் முன்னால் போய் நின்றது.

"என்ன?" என்றது உடும்பு, கண்ணைத் திறக்காமல்.

முள்ளாயி விஷயத்தைச் சொன்னது.

"நான் செஞ்சா என் இஷ்டப்படிதான் செய்வேன். நடுவுல வந்து அதைச் செய் இதைச் செய்னா போயிடுவேன். பளபளப்பா வேணும்னா குரங்கைக் கூப்பிடு."

"பளபளப்பு வேண்டாம் அக்கா. பிள்ளை இருமுது."

உடும்பு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. "நட" என்றது.

வளை வாசலில் திருவிழாக் கூட்டம். கற்கள் குவிந்து கிடந்தன. குரங்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. வேடிக்கை பார்க்க முயல் தன் குட்டிகளோடு வந்திருந்தது. நடுவில் ஈட்டியப்பன் கல்யாண வீட்டுக்காரரைப் போல நின்றது.

"வாங்க அக்கா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். முதல் கல்லை நீங்களே எடுத்துக் குடுங்க" என்றது தாவப்பன்.

"மன்னிச்சுக்கோ தம்பி. வேலையை இவங்க செய்யட்டும்" என்றது முள்ளாயி.

எல்லார் கண்ணும் உடும்பின் மேல் திரும்பின. முயல் குட்டிகள் தாயின் பின்னால் ஒளிந்தன.

ஈட்டியப்பன் முள்ளாயியின் காதில், "என்ன பேசறே? வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு நான் இந்தக் காட்டுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?" என்றது.

"நீங்க தலை நிமிர்ந்து நடக்கறதுக்கா குளியலறை கட்டறோம்?"

தாவப்பனுக்கு முகம் வாடிவிட்டது. அது கெட்ட குரங்கு அல்ல. நாலு வீட்டில் தன்னை வா என்று கூப்பிட வேண்டும், அதுதான் அதற்கு ஆசை. "ஒரு வீட்டுலயாவது என்னைக் குறை சொன்னாங்களா அக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க" என்றது.

"இல்லை தம்பி. எல்லாரும் உன் பேரைத்தான் சொன்னாங்க. கூப்பிட்டா உடனே வருவான்னு சொன்னாங்க. எனக்குக் கூப்பிடவே வேண்டாத ஆள் வேணும்."

"தண்ணி இருக்கிற இடத்துல ஈரம் இருக்கத்தானே செய்யும்? நாளைக்கு ஒழுகினா இவங்களை எங்கே போய்த் தேடுவீங்க? இவங்க பேராவது தெரியுமா?"

குரங்குகள் கெக்கலித்தன. முள்ளாயிக்கு உண்மையிலேயே தெரியாது. அதன் முட்கள் கூச்சத்தில் ஒருமுறை எழுந்து அடங்கின. ஆனால் அது வாசலை விட்டு நகரவில்லை.

"பேசி முடிச்சாச்சுன்னா கல்லை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போங்க. கால்ல குத்துது" என்று சொல்லிவிட்டு உடும்பு உள்ளே நுழைந்தது.

அது நடுச்சுவரை நாக்கால் தொட்டுத் தொட்டு ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தது. ஊறிய மண்ணை எல்லாம் கிளறி வெளியே தள்ளியது. சுவர் மெலிந்துகொண்டே போனது. வேலை முடியும்வரை முள்ளாயியும் ஈட்டியப்பனும் குச்சியும் வெளியே புதருக்கடியில் படுத்தார்கள். "குரங்கு இதுக்குள்ள முடிச்சிருக்கும்" என்று ஈட்டியப்பன் புரண்டு படுக்கும்போதெல்லாம் சொன்னது. தான் செய்தது தப்போ என்ற பயம் முள்ளாயிக்கும் இருந்தது.

உடும்பு கறையான் புற்று மண்ணைக் கொண்டுவந்து குழைத்து, வாலால் அடித்து அடித்துத் தரையையும் சுவரையும் இறுக்கியது. தரையை வாசல் பக்கம் சாய்வாக இறக்கியது. பிறகு இலையில் தண்ணீர் மொண்டு ஊற்றி, தாடையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்த்தது. எல்லாம் போய்விட்டது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு தங்கி நின்றது.

"பரவாயில்லை அக்கா, இவ்வளவுதானே?" என்றது முள்ளாயி.

உடும்பு முள்ளாயியை முறைத்துப் பார்த்தது. அந்த மூலையை இடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஒருநாள் இவர்கள் இரை தேடிவிட்டுத் திரும்பியபோது உடும்பைக் காணவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது. குளியலறை மண் நிறத்தில் மொழுமொழுவென்று இருந்தது. ஈட்டியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கரடெல்லாம் நீர் வழிந்தது. பாறை இடுக்கில் சொட்டிக்கொண்டிருந்த ஊற்று, தாரையாகக் கொட்டியது. முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குகிறவை. ஈட்டியப்பன் குறட்டை விட்டது. குச்சி சுவரோரமாகச் சுருண்டு படுத்திருந்தது. முள்ளாயி மட்டும் கண்ணை மூடாமல் கிடந்தது.

இப்போது இருமும் என்று காத்திருந்தது. அடுத்து இருமும் என்று காத்திருந்தது. சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தது. மறுபக்கம் தண்ணீர் வாசலை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது. கன்னத்தில் ஈரம் படவில்லை. குச்சியின் முட்கள் மூச்சுக்கு ஏற்ப மெல்ல ஏறி மெல்ல இறங்கின. கலகலவென்று ஆடவே இல்லை.

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தூங்கலாம் என்று நினைத்தது முள்ளாயி. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பல நாள் தூக்கம் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நீதி: அடிக்கடி வந்து பழுது பார்ப்பவரின் பேர் எல்லாருக்கும் நினைவிருக்கும்; ஒரே தடவையில் சரியாகச் செய்தவரை வீட்டுக்காரரே மறந்துவிடுவார். ஆள் தேடும்போது பேரைக் கேட்பதோடு நில்லாமல், குனிந்து வேலையைப் பார்க்க வேண்டும்.