நத்தை ஒழிப்புக் குழு

அம்பாசமுத்திரத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தெருவில் மட்டும்தான் பஞ்சம். நம்பிராஜன், ஆவுடையப்பன், பிச்சுமணி மூவரும் ஒரே ஆபீசில், ஒரே பதிவேட்டுப் பிரிவில், முப்பத்து நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். உத்தரவில் எழுதியிருப்பதைச் செய்வார்கள். எழுதாததைச் செய்தால் மெமோ வரும் என்ற பயம் இன்னும் அவர்களை விட்டுப் போகவில்லை.

"எங்க மூணு பேரு மூளையையும் ஒண்ணாச் சேத்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது" என்று நம்பிராஜனே சொல்லுவார். சொல்லிவிட்டு, எந்தக் காரியமானாலும் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு யோசனை கேட்பார்.

பிரிவு உபசார விழாவில் ஆபீஸ்காரர்கள் நம்பிராஜனுக்கு மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி கொடுத்தார்கள். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அவருக்கென்று யாரும் எதையும் பார்த்துப் பார்த்து வாங்கித் தந்ததில்லை. அவர் மனைவி உலகம்மாளுக்கும் கண் கலங்கியது. கூடத்தில் அதை எங்கே வைப்பது என்ற கவலையில்.

மறுநாளே மூவரும் செல்வின் மீன் கடைக்குப் போனார்கள்.

"ஒண்ணோடொண்ணு ஒத்துப்போற மீனாப் பாத்து எடுங்க அண்ணாச்சி" என்றான் செல்வின். "சண்ட போடுறதச் சேத்துட்டா மத்தது பொழைக்காது."

பார்த்து எடுக்கச் சொல்லிவிட்டானே. மூன்று ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

"அந்த மஞ்ச மீனு பக்கத்து மீன இடிக்கி வே" என்றார் ஆவுடையப்பன்.

"இடிக்கல. வழி கேக்கு" என்றார் பிச்சுமணி.

"மூணு தடவையா?"

"தெரியலன்னா மூணு தடவ கேக்கத்தான் செய்யணும். நீரு திருச்செந்தூர்ல எத்தன பேருட்ட கேட்டீரு?"

இதில் ஆவுடையப்பனுக்கும் பிச்சுமணிக்கும் பேச்சு முற்றி, இரண்டு மீன்களும் கண்ணாடியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தன. நம்பிராஜன் மட்டும் நிதானமாக ஆராய்ந்து, பகல் ஒரு மணிக்குத் தன் முடிவைச் சொன்னார். ஓரத்தில் தனி பாட்டிலில் ஒரு நீல மீன் இருந்தது. காலையிலிருந்து அது ஒருத்தரோடும் சண்டை போடவில்லை.

"அது ஃபைட்டர் மீனு அண்ணாச்சி. எது கெடச்சாலும் கடிக்கும். அதான் தனியா வச்சிருக்கேன்."

"மூணு மணி நேரமா பாக்கோம் தம்பி. ஒரு வம்பு தும்புக்குப் போகல. ஒண்ணுஞ் செய்யாத ஒருத்தர்மேல பழி சொல்லலாமா?"

செல்வின் தலையைச் சொறிந்துகொண்டு, தானே சாதுவான மீனாக ஆறு கப்பி, நாலு மோலி, ஒரு கொத்துப் பாசிச் செடி எல்லாம் எடுத்துக் கட்டிக் கொடுத்தான். "வீட்டுக்குப் போயி பையோட அப்படியே கால் மணி நேரம் தண்ணில போட்டு வைங்க. அப்புறம் தொறந்து விடுங்க" என்றான்.

அப்படியே போட்டார்கள். மீன் கவர் இருந்த மஞ்சள் பையில் அரைக் கிலோ கத்தரிக்காயும் கருவேப்பிலையும் இருந்தன. அவற்றை வெளியே எடுக்கச் சொல்லி உத்தரவு இல்லை.

பத்து நாளில் தொட்டி அழகாகிவிட்டது. நம்பிராஜன் காலையில் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு மீன் பார்த்தார். பதினோராம் நாள் கண்ணாடியில் ஒரு நத்தை ஏறியது. செடியோடு வந்த விருந்தாளி. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது நூற்றுப் பதினாலு.

உலகம்மாள் தன் தம்பி தளவாயைக் கூப்பிட்டாள். தளவாய் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவன். வடை வைக்கக் கண்ணாடிப் பெட்டி தேடிக்கொண்டிருந்தான். வந்தவன் டேப்பை எடுத்து நீளம், அகலம் எல்லாம் அளந்தான்.

"ஏங்க, இன்னைல இருந்து பதினஞ்சு நாளு" என்றாள் உலகம்மாள். "அதுக்குப் பெறகு இதுல ஒரு நத்த எங்கண்ணுல பட்டாலும் தொட்டி வடைக்குப் போயிரும்."

அன்றைக்கே நத்தை ஒழிப்புக் குழு அமைக்கப்பட்டது. நம்பிராஜன் தலைவர், மற்ற இருவரும் துணைத் தலைவர்கள். உறுப்பினர் யாரும் கிடைக்கவில்லை.

செல்வின் எளிய வழி சொன்னான். "சாயங்காலம் ஒரு முட்டக்கோஸ் எல போடுங்க. காலைல பூரா நத்தையும் அதுல ஏறி இருக்கும். எலய எடுத்து வெளிய போட்டுருங்க."

அவன் சொன்னது சத்தியம். காலையில் இலை தெரியாத அளவுக்கு நத்தை. மூவரும் இலையை மெதுவாகத் தூக்கினார்கள்.

"நில்லும் வே" என்றார் பிச்சுமணி. "எலயத்தான எடுக்கச் சொன்னான்? நத்தைய எடுக்கச் சொல்லலயே."

நம்பிராஜன் யோசித்தார். அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிச்சுமணி சொல்வது சரிதான். ஒரு நத்தைகூட ஒட்டாமல் தண்ணீருக்குள்ளேயே உதறிவிட்டு, இலையை வெளியே போட்டார்கள். ஏழு நாள், ஏழு இலை. நத்தைகள் நன்றாகத் தேறி, பளபளவென்று ஆகிவிட்டன.

எட்டாம் நாள் நம்பிராஜன் அழாத குறையாகக் கடையில் போய் நின்றார். "தம்பி, நான் ஒரு மடையன். மடையனுக்குச் சொல்லுத மாதிரி சொல்லு."

செல்வின் இந்தத் தடவை வழி எதுவும் சொல்லவில்லை. நகத்தளவு பச்சை மீன் மூன்றைக் கவரில் போட்டுக் கொடுத்தான். "இதுக்கு நத்ததான் சாப்பாடு. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். தயவுசெஞ்சு ஒண்ணும் செய்யாதீங்க."

ஒன்றும் செய்யாமல் இருப்பதில் மூவருக்கும் முப்பத்து நாலு வருஷ அனுபவம். தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதை ஒழுங்காகச் செய்தார்கள். பதினைந்தாம் நாள் உலகம்மாள் டார்ச் அடித்துத் தேடினாள். ஒரு நத்தை இல்லை. தளவாய் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நம்பிராஜன் கல்யாணமான நாளுக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. அன்றைக்குக்கூட இவ்வளவு இல்லை, ஆனால் அதை வெளியே சொல்வதில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் ஒரு கப்பிக்கு வாலைக் காணோம்.

"நத்த தீந்து போச்சுல்லா. பசில வாலக் கடிக்கி" என்றான் செல்வின். "தனியா ஒரு தொட்டில நத்த வளத்து, தெனம் நாலு எடுத்துப் போடுங்க."

நத்தையில்லாத வீட்டில் நத்தை வளர்க்க வேண்டியதாகிவிட்டது. மூவரும் ஆற்றங்கரை வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். "போன வாரம் நம்மட்ட நூத்துக்கு மேல இருந்துது" என்று ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். ஒருவழியாகப் பத்துப் பன்னிரண்டு கிடைத்தது. ஒரு சின்னத் தொட்டி வாங்கி அதில் விட்டார்கள்.

உலகம்மாள் இரண்டாவது தொட்டியைப் பார்த்தாள். உடனே நிபந்தனை போட்டாள்.

"சரி, நத்தைன்னா நத்த மட்டும் கெடக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி போதும். இதுலயும் மீன வளக்கலாம்னு பாத்தீங்க, ஒரு மீனு எங்கண்ணுல பட்டாலும் ரெண்டு தொட்டியும் வடைக்குப் போயிரும். ஒண்ணுல உளுந்த வட, ஒண்ணுல ஆம வட."

நம்பிராஜன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். நத்தைகளுக்கு வீடு மாதிரி இருக்கட்டும் என்று பழைய தொட்டியிலிருந்து பாசிச் செடியை ஒரு பிடி அள்ளிப் புதுத் தொட்டியில் போட்டார். அந்தப் பாசிக்குள் கப்பிக் குஞ்சுகள் ஒளிந்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு வாரம் கழித்து, கண்ணாடியில் நத்தைக்குப் பக்கத்தில் கண்ணிமை முடியளவில் ஏதோ நீந்தியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பதினெட்டு. நம்பிராஜன் தொட்டிமேல் வேட்டியைப் போட்டு மூடினார். உடனடியாகக் குழு கூடியது. அரை மணி நேரம் விவாதித்து, பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மூவரும் வேகவேகமாகச் செல்வின் கடைக்கு நடந்தார்கள்.

தூரத்திலேயே பார்த்துவிட்ட செல்வின் ஷட்டரைப் பாதி இறக்கினான். நம்பிராஜன் குனிந்து உள்ளே தலையை நீட்டினார்.

"தம்பி, எங்க நத்தத் தொட்டில மீனு விழுந்துட்டு. மீனத் திங்கிற மாதிரி நல்ல நத்தையா ஒரு மூணு குடு."