கட்டிலுக்குப் பக்கத்துல தேன்பெட்டி

உக்காருங்கப்பா, உக்காருங்க. ஏய், அங்க என்ன குசுகுசு? வாயை மூடினாத்தான் என் ‘ங்ங்ங்’ கேக்கும். இந்தக் கதையில தேனீயும் நான்தான்.

ஒரு குன்று. அந்தாண்ட முருங்கைத் தோப்பு, இந்தாண்ட ஒரு மடம். குருவம்மாவுக்கு முப்பது வயசு. சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபது. இன்னொரு சீடன் மாசிலாமணி. வருசத்துக்கு நாலு வார்த்தை பேசுவான், அதுல ரெண்டு ‘ம்’.

மடத்துத் தேன்பெட்டி தோப்புலதான் இருந்துச்சு. ஒரு நாள் அதுகிட்ட நின்னு மாசிலாமணி விரலை நக்கினதைப் பொன்னுரங்கம் பாத்துட்டாரு. அவ்வளவுதான். பெட்டியைத் தலையில தூக்கிக் குன்றைச் சுத்தி வந்து, மடத்துல தன் கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுட்டாரு. காவலாம்!

ஒரு மாசம் கழிச்சுத் திறந்தா, தேனடை காஞ்சு கெடக்கு.

மூக்கை விடைச்சுக்கிட்டு, இந்தா இப்படி, குருவம்மாகிட்டப் போனாரு.

“அம்மா, என் காவல்லயே திருடுறான்! மடத்துல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான்.”

“ஈ வேலை செய்யுதா?”

“விடிஞ்சா போதும், குன்றைத் தாண்டிப் போறதும் வர்றதுமா பறக்குது. இவன்தான் அமுக்குறான். பேசாதவனை நம்பவே கூடாதும்மா.”

மாசிலாமணி துணிமூட்டையைக் கட்ட ஆரம்பிச்சான்.

அம்மா ஒரு செம்பு பானகத்தைப் பொன்னுரங்கம் கழுத்துல தொங்கவிட்டாங்க. “குன்று ஏறித் தோப்புக்குப் போயி ஒரு முருங்கைப்பூ கொண்டாங்க. ரெண்டு கையையும் ரெக்கையா அடிச்சுக்கிட்டே போகணும். ஓஞ்சா ஒரு வாய் குடிங்க.”

அவரு செம்பை மோந்து பாத்தாரு. “இதுல என்ன கலந்திருக்கு?”

“வெல்லம்.”

போனாரு. அந்தி சாயத் திரும்பினாரு. கை ரெண்டும் அறுத்த கோழி மாதிரி தொங்குது.

“பூ?”

“ஒண்ணு.”

“பானகம்?”

“காலி.”

“மாசிலா குடிச்சானா?”

“அவன் எங்க வந்தான்? நாந்தான் குடிச்சேன். கையை அடிச்சுப் பாருங்கம்மா, அப்பத் தெரியும்! குடிக்காம பாதிக் குன்று ஏற முடியுமா?”

“அப்ப பெட்டித் தேனை யாரு குடிச்சா?”

பொன்னுரங்கம் கண்ணு கட்டில் பக்கம் போச்சு. குன்றைத் தாண்டி வந்த ஈ ஒண்ணு, ‘ங்ங்ங்’னு, தள்ளாடிப் பெட்டிக்குள்ள நுழையுது.

ஆனா மனுசன் விடுவாரா?

“சரிம்மா. அன்னைக்கு விரலை நக்கினானே, அது?”

மாசிலாமணி மூட்டையைக் கீழ வெச்சான்.

“நக்கினேன்தாண்ணே, ஒரு விரல். அதுக்கு நீங்க கட்டிலைத் தூக்கிட்டுத் தோப்புக்கு வந்திருக்கலாம்.”