கிள்ளிப் பார்த்த சுரைக்காய்

வெகு காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டை வாகைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மாதம் கிளி வளர்ப்பார். மறுமாதம் கிளிகளை விரட்டிவிட்டு மல்யுத்தம் பழகுவார். உழுது, நெய்து, பானை வனைந்து நாட்டை நடத்தியவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் ஒருத்தி சிலம்பாயி. அரண்மனைக் குதிரைகளுக்குப் புல் அறுப்பவள்.

கோட்டைச் சுவருக்கு வெளியே, அரண்மனைச் சமையற்கட்டின் கழிவுநீர் வந்து விழும் மேட்டில் சிலம்பாயியின் தெருக்காரர்கள் கொடி போட்டிருந்தார்கள். யார் வீட்டுக் கொடி என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிலம்பாயி வீட்டுச் சுரைக்காய் எதிர்வீட்டுக் குப்பண்ணனுக்குப் போகும். அங்கிருந்து கீரை வரும். பூ உதிர்ந்தால் புளித்த மோரைக் கரைத்துத் தெளிக்க அவர் சொல்லிக்கொடுப்பார். இலையில் வண்டு விழுந்தால், பனி காய்வதற்குள் சாம்பல் தூவ வேண்டும் என்று இவள் போய்த் தூவிக் காட்டுவாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சுரைக்காயில் சில சமயம் கசப்பு ஏறிவிடும். அதைத் தின்றால் மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்குமுன் வளர்த்தவரே காம்போரம் ஒரு துணுக்கைக் கிள்ளி மென்று பார்ப்பார். கசந்தால் குப்பைக்குழி. இல்லையென்றால் கிள்ளிய இடத்தில் சாம்பல் தடவிக் கொடுப்பார்.

அந்த வருஷம் ராஜாவுக்குச் சுரைக்காய்ப் பைத்தியம் பிடித்தது. கோட்டைப்புறத்துக் காய் ருசி என்று யாரோ சொல்ல, ஒரு கூடை கேட்டனுப்பினார். தெருவே கூடிப் பொறுக்கியெடுத்து, கிள்ளிப் பார்த்து, சாம்பல் தடவி, சிலம்பாயியிடம் கொடுத்தனுப்பியது.

கூடையை வாங்கியவர் அரண்மனைப் பண்டசாலையான உக்கிராணத்தின் தலைவர் தாண்டவராயர். அந்த மேட்டின் மேல் அவருக்கு நெடுநாள் கண். அங்கே தனக்கொரு பூந்தோட்டம் வைக்க வேண்டும். காம்போரக் காயங்களைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். நேராகச் சபைக்கு ஓடினார்.

"மகாராஜா, கடித்த எச்சிலைத் தங்களுக்குக் காணிக்கையாக அனுப்பியிருக்கிறார்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேட்டைத் தாண்டவராயருக்கே கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தார். கூடையின் பின்னாலேயே சபைக்கு வந்திருந்த சிலம்பாயி முன்னே வந்தாள். அந்த மேடு போனால் பதினாறு வீட்டில் வெறுஞ்சோறுதான். தெருவின் வழக்கத்தை எடுத்துச் சொன்னாள். சபை சிரித்தது.

"பெரிய இடத்துக் காயை யாரும் நக்கிப் பார்ப்பதில்லை, தெரியுமா? கண்ணால் பார்த்தே நல்லது கெட்டது சொல்வேன்" என்றார் தாண்டவராயர்.

"அப்படியானால் அய்யாவின் கண்ணையே நம்புவோம்" என்றாள் சிலம்பாயி. கிள்ளாத காய் ஏழு கொண்டுவருவதாகவும், அதில் ஒன்று கசப்புக்கொடியில் காய்த்தது என்றும் சொன்னாள். அய்யா பார்வையாலேயே அதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஒன்றை மகாராஜாவுக்குச் சமைக்கச் சொல்லட்டும். சரியாக ஒதுக்கிவிட்டால் கொடியைத் தானே அறுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

பந்தயம் என்றதும் ராஜாவின் கோபம் பறந்துவிட்டது. மடியில் தலையணையை இழுத்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

ஏழு காய் வந்தது. தாண்டவராயர் உருட்டினார், தட்டினார், முகர்ந்தார், காதில் வைத்துக் கேட்டார். வியர்த்தது. தவறான காயை ராஜா தின்றுவிட்டால் தலை கழுத்தில் இருக்காது. வெளிச்சம் போதவில்லை, உக்கிராணத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன் என்று காய்களோடு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவர் நடையே வேறு. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"மகாராஜா, இவள் பச்சைப் பொய்க்காரி. ஏழில் ஒன்றுகூடக் கசக்கவில்லை."

ராஜா தலையணையைக் கீழே வைத்தார்.

"கசக்கவில்லை என்று எந்தக் கண் சொன்னது, தாண்டவராயரே?"

ராஜா ஒரு காயை எடுத்துத் திருப்பினார். காம்போரம் நகக்குறி. ஏழிலும் இருந்தது.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா" என்றாள் சிலம்பாயி. "கசப்புக்கொடியைப் போன மாதமே பிடுங்கிவிட்டோம். கசப்புக் காயைச் சுமந்துகொண்டு அரண்மனைக்குள் வர எனக்கென்ன கிறுக்கா? பயம் வந்தால் அய்யாவும் எங்களைப் போலத்தான் செய்வார் என்று காட்ட நினைத்தேன். ஆனால் அவர் தன் தலைக்காகக் கிள்ளினார். நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றுக்காகக் கிள்ளுகிறோம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மேடு என்றைக்கும் தெருவுக்கே என்று கல்லில் வெட்டச் சொன்னார். இனி அரண்மனைக்கு வரும் ஒவ்வொரு காயையும் சபை நடுவில் நின்று தாண்டவராயரே மென்று பார்க்க வேண்டும் என்றார். பாகற்காய் உட்பட.

பிறகு சிலம்பாயியிடம் விதை கேட்டார்.

"தருகிறோம். ஆனால் காய்த்தால் ஒன்று எங்கள் தெருவுக்கு வர வேண்டும். வளர்த்தவரே மென்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்."

மாசியில் அரண்மனையிலிருந்து பட்டுத்துணி சுற்றி ஒரு சுரைக்காய் வந்தது. காம்போரம் ராஜாவின் நகம் பதிந்திருந்தது. மேலே சாம்பலும் தடவியிருந்தது. தெருவே கூடிநின்று அதிசயமாகப் பார்த்தது. சிலம்பாயி அதை வாங்கினாள், மறுபக்கம் திருப்பினாள், தானும் ஒரு துணுக்கைக் கிள்ளி மென்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அரிவாள்மணையை இழுத்துப் போட்டாள்.