மிளகுக் குடுக்கை

முன்பு ஒரு காட்டை ஆழமான ஓடை இரண்டாகப் பிரித்திருந்தது. அருவி இரைச்சலில் இக்கரைக் குரல் அக்கரைக்குக் கேட்காது.

அக்கரையில் மேய்ந்த மான்களுக்கு மறதி அதிகம். புலிக்குப் பயந்து ஓடினாலும், பத்தடி போனதும் எதற்காக ஓடினோம் என்பதை மறந்து மேயத் தொடங்கிவிடும்.

அதனால் இக்கரை விலங்குகள் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. புலி தென்பட்டால், மிளகுத்தூள் அடைத்த சுரைக்குடுக்கையைக் கரடி பாறை விளிம்பில் ஓங்கித் தட்டும். மூடி தெறிக்கும். தூள் பீறிட்டு அக்கரைக்குப் பறக்கும். மான்கள் தும்மும். தும்மினால் ஓட வேண்டும் என்பது மட்டும் அவற்றுக்கு எப்படியோ நினைவிருந்தது.

காலிக் குடுக்கை சரிவில் உருண்டுவிடும். அந்தச் செங்குத்தில் இறங்கத் தெரிந்தது கீரி மட்டுமே; அது எடுத்து வரும். அணில் மறுபடி தூள் அடைக்கும்.

கரடிக்குத் தற்பெருமை. காலடியில் ஓடித் திரிந்த கீரி இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒருநாள் அதைத் துரத்திவிட்டது. இனிக் காலிக் குடுக்கையை யார் எடுப்பது என்று அணில் கேட்டது.

“நூறு குடுக்கை நிறைந்திருக்கிறது. காலியானதைக் கட்டிக்கொண்டு அழவா?” என்றது கரடி.

மறுநாளே அக்கரையில் புலி வந்தது. கரடி தட்டியது. மான்கள் தும்மின, பத்தடி ஓடின, மேய்ந்தன. மறுபடி தட்டியது. தும்மின, ஓடின, மேய்ந்தன. புலியும் தும்மியது. ஆனால் புலிக்கு மறதி இல்லை.

தப்புவதற்கு மான்கள் ஏற வேண்டிய குன்றுக்குப் பாதி வழி போவதற்குள் நூறும் தீர்ந்தன. அணிலிடம் மலைபோல் மிளகுத்தூள் இருந்தது. அடைக்க ஒரு குடுக்கைகூட இல்லை. கரடி தூளைக் கையால் அள்ளி வீசியது. பாதி ஓடையில் விழுந்தது, மீதி அதன் ரோமத்தில் ஒட்டிக்கொண்டது. வியர்வையைத் துடைக்கப் போய்க் கரடியே தும்ம ஆரம்பித்தது.

அக்கரையில் புலி பதுங்கிப் பதுங்கி நெருங்கியது. மான்கள் புல்லின் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

கரடி தும்மிக்கொண்டே கீரியின் வளைக்கு ஓடியது.

“தப்பு என்னுடையதுதான். வந்துவிடு,” என்றது.

கீரி சரிவில் பாய்ந்து, கைக்கு எட்டிய மூன்று குடுக்கைகளை மேலே உருட்டி வந்தது. அணில் அடைத்தது, கரடி தட்டியது, விழுவதற்குள் கீரி பிடித்து அணிலிடம் தள்ளியது. அந்த மூன்றே குடுக்கைகள் சுற்றிச் சுற்றி வந்தன. தும்மல் நிற்கவே இல்லை.

கடைசியில் மான்கள் குன்றின் உச்சிக்கு ஏறித் தப்பின. புலி கண்ணீர் வழியத் திரும்பிப் போனது.

தப்பித்தோம் என்பதே மான்களுக்குத் தெரியாது. இன்று புல்லில் காரம் சற்று அதிகம் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டன.

நீதி: வீசும் கைக்குப் புகழ் வரும், மீட்டு வரும் கை இல்லாவிட்டால் வீச ஒன்றும் இராது.