கயிறு பிடிக்கும் மச்சான்

சுரங்கக் கம்பெனி மேனேஜர் சபாபதிக்கு வெண்கலத் தொண்டை. "மலையை எங்களை நம்பிக் குடுங்க! இனிமே நான் உங்க மச்சான்! சம்மதம்னு எல்லாரும் கையைத் தூக்குங்க!" என்று குறும்பர் ஊர் நடுவே முழங்கினார். மலை போனால் தேனும் போச்சே என்று ஊரில் ஒரு கையும் எழவில்லை.

தேனெடுக்கும் கெத்தனுக்கு மட்டும் வாயெல்லாம் பல்.

"மச்சானா! அப்போ எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. தேனெடுக்கப் பாறையில இறங்குறவனுக்கு மச்சான்தான் மேல நின்னு கயிறு பிடிக்கணும். தங்கச்சி புருஷனை எவனாவது கைவிடுவானா? நானும் உங்களுக்கு மச்சான்தானே! வாங்க, நீங்க இறங்குங்க, நான் பிடிக்கிறேன்!"

பாறை விளிம்பில் நிறுத்தி இடுப்பில் கயிற்றைக் கட்டியதும் மேனேஜர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வெண்கலம் கீச்சென்றது.

"ஐயோ, அவுத்து விடுய்யா! முன்னே பின்னே தெரியாத உன்னை நம்பி எப்படித் தொங்குறது?"

"மலையைக் கேட்டீங்களே மச்சான், எங்க பதிலும் அதேதான்!" என்றான் கெத்தன்.

அதற்குத்தான் ஊரே கையைத் தூக்கியது.